உங்களுக்குத் தெரியுமா? தைராய்டு மாத்திரையும் லோ பிரஷரும்

தைராய்டு சுரப்பு குறைந்தவர்களுக்கு ரத்த அழுத்தம் இறங்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. சிறு ரத்தக் குழாய்கள் இறுகுவதால் அழுத்தத்தின் கீழ் எண் சற்று ஏறும். தைராக்ஸின் மாத்திரை தொடங்கியதும் குழாய்கள் தளரும், எண்ணும் இறங்கும். ஏற்கெனவே பிரஷர் மாத்திரை சாப்பிடுபவருக்கு அந்தப் பழைய டோஸ் இப்போது அதிகமாகிப்போகலாம்.

இது எளிதில் சரிசெய்யக்கூடியது. கவனிக்க வேண்டியது இன்னொன்று. தைராக்ஸின் தொடங்கிய சில வாரங்களில் அழுத்தம் 90/60-க்கும் கீழே போய், எழுந்து நின்றால் கண் இருட்டுகிறதா? சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியையும் சந்தேகிக்க வேண்டும். தைராய்டைத் தாக்கும் தன்னெதிர்ப்புக் கோளாறு சிலருக்கு அட்ரீனலையும் சேர்த்தே அழிக்கிறது, அரிதுதான். இந்த ஜோடியை 1926-இல் ஜெர்மன் நோயியல் வல்லுநர் மார்ட்டின் பென்னோ ஷ்மிட் விவரித்தார். அட்ரீனல் சுரக்கும் கார்டிசோல் உடலில் கரைவதைத் தைராக்ஸின் வேகப்படுத்தும். கையிருப்பே குறைந்தவருக்கு அது உயிராபத்து. அதனால்தான் இத்தகையவர்களுக்கு முதலில் ஸ்டீராய்டு, பிறகே தைராக்ஸின்.

உள்ளங்கை ரேகையும் ஈறும் கறுப்பது, உப்புக்கு நாக்கு அலைவது, காரணமின்றி மெலிவது ஆகியவை அட்ரீனல் குறைபாட்டின் அடையாளங்கள். தைராய்டு குறைந்தால் எடை கூடத்தானே வேண்டும்! காலையில் எடுக்கும் கார்டிசோல் ரத்தப் பரிசோதனை துப்புக் கொடுத்துவிடும்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தலைச்சுற்றலை டாக்டரிடம் சொல்லி, படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். வாந்தி, மயக்கம் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.