பாட்டியின் மௌனமே திருடனுக்குத் துணை

குனோங் ராபாட் சுண்ணாம்புக் குன்றுகளின் பக்கம் எங்கள் தாமானில் ஒரு பாட்டி இருக்கிறார். வயது 71. தோட்டத்தில் பால்மரம் சீவி நான்கு பிள்ளைகளை ஆளாக்கியவர். கணவர் விட்டுச் சென்ற ஊழியர் சேமநிதிப் பணம் 18,000 வெள்ளியைப் பேரப்பிள்ளைகளின் படிப்புக்கென்று வங்கியில் போட்டு வைத்திருந்தார்.

ஒரு நாள் காலை கைப்பேசி அடித்தது. "போலீஸ் இன்ஸ்பெக்டர் பேசுகிறேன். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது. பணத்தைப் பாதுகாப்புக் கணக்குக்கு மாற்றாவிட்டால் கைது செய்வோம். யாரிடமும் மூச்சு விடக்கூடாது" என்று மலாயில் ஒரு மிரட்டல் குரல். பாட்டி நடுநடுங்கி வங்கிக்கு ஓடினார். யாருக்கு இந்தப் பணம் என்று அங்கே கேட்டதற்கு, அவன் சொல்லிக் கொடுத்தபடியே "என் தம்பி மகனுக்கு" என்றார்.

இதைத்தான் 'மக்காவ் மோசடி' என்கிறார்கள். படித்தவர்களும் இதில் ஏமாந்திருக்கிறார்கள். ஆனால் நம் பெரியவர்களுக்கு ஒரு தனிப் பலவீனம் உண்டு. துரையும் கிராணியும் சொன்னால் மறுபேச்சு பேசாமல் வாழ்ந்த தலைமுறை அது. அதிகாரக் குரல் கேட்டதும் கை தானாகக் கட்டிக்கொள்கிறது. மோசடிக்காரன் அந்தப் பணிவைத்தான் காசாக்குகிறான்.

பாட்டி மூன்று நாள் வாய் திறக்கவில்லை. மகன் ஏசுவான் என்ற பயம்! சோறு இறங்காமல் படுத்துவிட்டவரை மருமகள் பக்குவமாகக் கேட்ட பிறகே விஷயம் வெளிவந்தது. அதற்குள் பணம் கணக்கு விட்டுக் கணக்குத் தாவி மறைந்துவிட்டது.

அன்பர்களே, இங்கேதான் நாம் பாடம் படிக்க வேண்டும். 2022 அக்டோபரில் தேசிய மோசடி எதிர்ப்பு மையம் தொடங்கப்பட்டது. அதன் எண் 997. பணம் போனது தெரிந்த உடனே அழைத்தால், அது எந்தக் கணக்கில் இருக்கிறது என்று தேடி முடக்க வழி உண்டு. உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். போலீஸ் புகாரும் செய்யுங்கள். ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் திருடனுக்கே இலாபம்.

பெரியவர்களே, போலீசோ, நீதிமன்றமோ, பேங்க் நெகாராவோ தொலைபேசியில் பணத்தை மாற்றச் சொல்வதில்லை. 'பாதுகாப்புக் கணக்கு' என்று ஒன்று கிடையவே கிடையாது. "யாரிடமும் சொல்லாதே" என்று எவன் சொன்னாலும் அவன் திருடன். போனை வைத்துவிட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணை எவருக்கும் சொல்லாதீர்கள்.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. நூறு இருநூறு வெள்ளிக்கு ஆசைப்பட்டு வங்கிக் கார்டை இரவல் கொடுக்காதீர்கள். பாட்டிகளின் பணம் அப்படிப்பட்ட கணக்குகள் வழியாகத்தான் ஓடி மறைகிறது. 2024-இல் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டபின், கணக்கை இப்படி இரவல் விடுவதே குற்றம்.

கடைசியாகப் பிள்ளைகளுக்கு: ஏமாந்து வந்தவரை ஏசாதீர்கள். "புத்தி எங்கே போச்சு?" என்று ஒரு முறை கேட்டுவிட்டால், அடுத்த முறை அவர் சொல்லவே மாட்டார். இன்றிரவு சாப்பாட்டுக்குப் பின் பெரியவர்கள் பக்கத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள். 997 என்ற எண்ணைக் கொட்டை எழுத்தில் எழுதி, நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். "எது நடந்தாலும் முதலில் எங்களிடம் சொல்லுங்கள், கோபிக்க மாட்டோம்" என்று வாக்குக் கொடுங்கள்.

அந்த வாக்கு அன்று பாட்டிக்குக் கிடைத்திருந்தால், அவர் மூன்று நாள் மௌனமாக அழுதிருக்க மாட்டார்.