இரண்டு நவம்பர் ஒன்றுகள்

எல்லைகளின் கதை – 14

பஞ்சாப் 1947இல் இரண்டாகப் பிளந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் காலிஸ்தான். அதை நம் ஊரிலிருந்தே தொடங்கலாம். கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்துக்கு இந்திரா காந்தியின் பெயர் 1985இல் சூட்டப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபர் 31 அன்று, சீக்கிய மெய்க்காவலர் இருவர் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த ஜூனில் பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்ததற்கான பழிவாங்கல் அது.

தனி நாடு கேட்பது தமிழருக்கும் புதிதல்ல. 1940 மார்ச்சில் லாகூரில் முஸ்லிம் லீக் தன் தீர்மானத்தை நிறைவேற்றியது. அதே ஆண்டு, சீக்கியருக்கு ஒரு தனி நாடு வேண்டும் என்று வீர் சிங் பட்டி என்ற மருத்துவர் சிறுநூல் எழுதி, அதற்குக் காலிஸ்தான் என்று பெயரும் வைத்தார். ஜூனில் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் காஞ்சிபுரத்தில் பெரியார் திராவிட நாட்டின் வரைபடத்தை வெளியிட்டார். ஆகஸ்டில் திருவாரூரில் நீதிக்கட்சி மாநாடு தனி நாடு கேட்டுத் தீர்மானம் போட்டது. வெள்ளையர் போனபின் யார் கையில் அதிகாரம் போகும் என்ற அச்சம்தான் மூன்று கோரிக்கைகளுக்கும் பொது.

வேர்கள் மட்டும் வேறு. சீக்கியருக்கு ஒரு நாடு இருந்த நினைவு இருந்தது. 1799இல் லாகூரைப் பிடித்த ரஞ்சித் சிங் கட்டிய அரசை ஆங்கிலேயர் விழுங்கியது 1849இல்தான். குருத்வாராக்களை மீட்க 1920இல் தோன்றிய அகாலி தளம் மதத்தையும் அரசியலையும் ஒரே கூரையின்கீழ் வைத்தது. இங்கேயோ ராஜாஜி ஆட்சியில் வந்த கட்டாய இந்தியும் பார்ப்பனரல்லாதார் அரசியலும்தான் கோரிக்கைக்கு உரமிட்டன. கேட்ட நாட்டில் தெலுங்கர், கன்னடர், மலையாளிகளும் அடக்கம். அவர்கள் யாரும் கூட வரவில்லை என்பதே அதன் பெரிய பலவீனம்.

விடுதலைக்குப் பின் டெல்லி இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி நடக்கவில்லை. 1956 நவம்பர் 1 அன்று தமிழ் பேசுவோருக்கு ஒரு மாநிலம் அமைந்தது. பஞ்சாபி பேசுவோர் கேட்ட 'பஞ்சாபி சூபா'வை மாநில மறுசீரமைப்பு ஆணையம் ஏற்கவில்லை. மொழியின் போர்வையில் மதத்துக்கு மாநிலம் கேட்கிறார்கள் என்பது டெல்லியின் சந்தேகம். பஞ்சாபி பேசும் இந்துக்களில் பலர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழி இந்தி என்று பதிந்ததும் சிக்கலைக் கூட்டியது. அகாலித் தலைவர்களான மாஸ்டர் தாரா சிங்கும் சந்த் பதே சிங்கும் உண்ணாவிரதம் இருந்த பிறகு, 1966 நவம்பர் 1 அன்றுதான் பஞ்சாப் மொழிவழி மாநிலமானது. அதே தேதி, பத்தாண்டுத் தாமதம். வந்ததும் குறையாகவே வந்தது: சண்டிகர் மத்திய ஆட்சிப் பகுதி ஆனது, ஆற்று நீர்ப் பங்கீடு தீராத வழக்கானது.

திமுகவின் அண்ணா 1962 மே மாதம் மாநிலங்களவையில் தன் முதல் பேச்சிலேயே திராவிட நாட்டுக் கோரிக்கையை எடுத்து வைத்தார். அந்த அக்டோபரில் சீனப் போர் வந்தது. பிரிவினை பேசுவோர் தேர்தலில் நிற்க முடியாதபடி 1963இல் பதினாறாவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. கட்சியா, கோரிக்கையா என்ற கேள்வியில் அண்ணா கட்சியைத் தேர்ந்தார். பிரிவினை கேட்டதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்றும் சொல்லி வைத்தார். 1962 தேர்தலிலேயே 50 இடங்களை வென்றிருந்த கட்சிக்குக் கோட்டை எட்டாத இடமாக இல்லை. 1967இல் ஆட்சி, 1969இல் தமிழ்நாடு என்ற பெயர்.

பிரிவினையை விட்ட இடத்தில் மாநில சுயாட்சி முளைத்தது. கருணாநிதி 1969இல் அமைத்த ராஜமன்னார் குழு 1971இல் அறிக்கை தந்தது. 1974இல் சட்டமன்றம் அதையொட்டித் தீர்மானம் நிறைவேற்றியது. இடையில், 1973 அக்டோபரில், அகாலி தளம் ஆனந்த்பூர் சாகிப் தீர்மானத்தை இயற்றியது. பாதுகாப்பு, வெளியுறவு, நாணயம், தகவல் தொடர்பு போன்றவை மத்திய அரசுக்கு, மற்றவை மாநிலத்துக்கு என்பது அதன் அரசியல் சாரம். சென்னையில் எழுந்த குரலின் உறவுக் குரல்தான் அது. ஆனால் சென்னைத் தீர்மானம் கோப்பில் தூங்கியது. ஆனந்த்பூர் தீர்மானம் பிரிவினைச் சாசனம் என்று தூற்றப்பட்டது.

சண்டிகரைப் பஞ்சாபுக்குத் தருவதாக 1970இல் இந்திரா அறிவித்தார், தரவில்லை. 1986 ஜனவரி 26க்குள் தருவதாக 1985 ஜூலையில் ராஜீவ் காந்தி, அகாலி தலைவர் லோங்கோவாலுடன் ஒப்பந்தம் செய்தார், அதுவும் நடக்கவில்லை. இடையில் சீக்கியத் தீவிரவாதத் தலைவர் பிந்தரன்வாலேயின் எழுச்சி, பொற்கோயில் தாக்குதல், டெல்லித் தெருக்களில் ஆயிரக்கணக்கான சீக்கியர் படுகொலை, 329 பேரோடு வெடித்த கனிஷ்கா விமானம் என ரத்தம் ஓடியது. ஒப்பந்தம் போட்ட ஒரு மாதத்துக்குள் லோங்கோவாலையே தீவிரவாதிகள் சுட்டுக் கொன்றார்கள். எல்லாப் பழியையும் டெல்லி மீது போட முடியாது. துப்பாக்கி முதலில் பறித்தது மிதவாதிகளின் குரலைத்தான். அது பலிகொண்டவர்களில் சீக்கியரும் ஏராளம். எல்லைக்கு அப்பாலிருந்த பாகிஸ்தானும் இந்த நெருப்பில் குளிர்காய்ந்தது.

இரு கதைகளும் சென்னையில் சந்தித்ததும் உண்டு. மத்திய – மாநில உறவை ஆராய 1983இல் அமைத்த ஆணையத்தின் தலைவர் சர்க்காரியா ஒரு சீக்கியர். 1976இல் கலைக்கப்பட்ட திமுக ஆட்சி மீதான ஊழல் புகார்களை விசாரித்தவரும் அவரே. லோங்கோவால் ஒப்பந்தம் ஆனந்த்பூர் தீர்மானத்தின் மத்திய – மாநில உறவுப் பகுதியை அந்த ஆணையத்திடமே அனுப்பியது. அந்த ஒப்பந்தத்துக்குப் பின் பஞ்சாபின் முதல்வரானவர் அகாலியான சுர்ஜித் சிங் பர்னாலா. அவர் ஆட்சியை டெல்லி 1987இல் கலைத்தது. 1991 ஜனவரியில் அவர் தமிழக ஆளுநர். கருணாநிதி ஆட்சியைக் கலைக்க அறிக்கை தர அவர் மறுத்தார். அறிக்கை இல்லாமலே ஆட்சி கலைந்தது. பீகாருக்கு மாற்றப்பட்ட பர்னாலா பதவியை விட்டார். ஆட்சி கலைப்பு என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும்.

தனி நாடு கேட்டவர்கள் கைது நடவடிக்கையாலோ சட்டத் திருத்தத்தாலோ மட்டும் மனம் மாறியதாகத் தமிழகம் காட்டவில்லை. மொழிவழி மாநிலம் வந்தது, வாக்குப்பெட்டி வழியாகக் கோட்டைக்குப் போக முடிந்தது. பிறகு கேட்டவர்களுக்கே அந்தக் கோரிக்கை தேவைப்படவில்லை. பஞ்சாபில் நியாயமான கோரிக்கைகள் தவணை தவணையாகத் தள்ளிப்போயின. காத்திருந்த மிதவாதிகள் வெறுங்கையோடு நின்றபோது, துப்பாக்கிக்காரர்களின் வாதம் எடுபட்டது.

1971இல் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் காலிஸ்தானுக்காக விளம்பரம் கொடுத்தவர் பஞ்சாபின் முன்னாள் நிதியமைச்சர் ஜக்ஜித் சிங் சௌகான். கடல் கடந்து போன காலிஸ்தான் கோரிக்கையைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)