ஓடுவதற்கு ஒரு சாலை: பெரம்பலூர், அரியலூரில் நெடுந்தொலைவு ஓட்டமும் பொதுப்பாதை உரிமையும்

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குச் சாலை வழியே ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அந்தத் தொலைவை ஓடிக் கடந்து, மேலும் 12 கிலோமீட்டர் ஓடினால் ஒரு மாரத்தான் நிறைவுறும். அதன் துல்லியமான அளவு 42.195 கிலோமீட்டர். அதற்கு மேற்பட்ட தொலைவுகள் அனைத்தும் அல்ட்ரா மாரத்தான் எனப்படுகின்றன.

ஒரு காலத்தில் ஒலிம்பிக் வீரர்களுக்கு மட்டுமே உரியதாகக் கருதப்பட்ட இவ்வோட்டத்தை இன்று ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் ஓய்வு பெற்றோரும் மேற்கொள்கின்றனர். 2021இல் தமிழ்நாட்டின் நல்வாழ்வுத் துறை அமைச்சரான மா. சுப்பிரமணியன், விபத்தையும் சர்க்கரை நோயையும் சந்தித்து, 50 வயதைக் கடந்த பிறகு ஓடத் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை நிறைவு செய்தவர். 2023 ஆகஸ்ட் 6 அன்று சென்னையில் நடைபெற்ற கலைஞர் நினைவு மாரத்தானில் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டு கின்னஸ் சாதனை படைத்தனர்.

ஓட்டம் எளியவர்களின் விளையாட்டு என்று சொல்லப்படுகிறது. திடல் வேண்டாம், கருவி வேண்டாம், சாலை இருந்தால் போதும் என்பது அதற்குக் காட்டப்படும் காரணம். 'சாலை இருந்தால்' என்னும் அந்த நிபந்தனையைத்தான் இக்கட்டுரை ஆராய்கிறது.

விடியலில் ஓடுவோர்

நீதிமன்றப் பணிக்காக அதிகாலையில் இவ்விரு மாவட்டங்களுக்கும் இடையே பயணம் செய்யும்போது, சாலையோரம் ஓடும் இளைஞர்களைக் காண்கிறேன். இவர்களில் பெரும்பாலோர் காவலர் தேர்வுக்கோ படைத்தேர்வுக்கோ ஆயத்தமாகிறவர்கள். இரண்டாம் நிலைக் காவலர் உடற்தகுதித் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடங்களுக்குள் கடக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். நிலமற்ற குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இந்த 7 நிமிடம் ஒரு வாழ்க்கைக்கான வாயில். தேர்வு முடிந்ததும், அல்லது வயது வரம்பு கடந்ததும், பலர் ஓட்டத்தை விட்டுவிடுகின்றனர். சிலர் விடுவதில்லை. வேலைக்காக ஓடத் தொடங்கியவர்கள் 5 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர், அரை மாரத்தான் என்று தொலைவை நீட்டிக்கொண்டே செல்கின்றனர்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்ட மக்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினரும், அரியலூரில் ஏறத்தாழ 23 விழுக்காட்டினரும் பட்டியல் சாதியினர். எனவே விடியலில் ஓடும் இந்தக் கூட்டத்தில் சேரியின் பிள்ளைகள் இருப்பது இயல்பு. அவர்கள் எவ்வளவு தொலைவு ஓடுகிறார்கள் என்பதோடு எந்த வழியாக ஓடுகிறார்கள் என்பதையும் நாம் கேட்டாக வேண்டும்.

தொலைவு கூடும்போது சாதி குறுக்கிடுகிறது

நூறு மீட்டர் ஓட்டத்துக்கு ஒரு பள்ளித் திடல் போதும். மாரத்தான் அப்படிப்பட்டதன்று. அதற்குப் பொதுவாக நான்கு மாதப் பயிற்சி தேவை. வாரத்தில் ஒரு நாள் நீண்ட ஓட்டம் உண்டு. அது படிப்படியாக 30 கிலோமீட்டர் வரை உயரும். உடல் தன்னுள் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஏறத்தாழ அந்தத் தொலைவில்தான் தீரத் தொடங்குகிறது. அந்தச் சோர்வைக் கடந்து ஓடப் பழகுவதே மாரத்தான் பயிற்சியின் மையம்.

சில நூறு மீட்டரில் முடிந்துவிடும் சேரித் தெருவுக்குள் இந்தப் பயிற்சியைச் செய்ய முடியாது. 30 கிலோமீட்டர் ஓடுகிறவர் பல ஊர்களைக் கடக்க வேண்டும். ஊர்த்தெரு, கோயில் தெரு, ஏரிக்கரை என எல்லாவற்றின் வழியாகவும் சென்றாக வேண்டும். ஒவ்வோர் ஊரின் முகப்பிலும் "எந்த ஊரு, எந்தத் தெரு?" என்னும் கேள்வி காத்திருக்கிறது. 2019 ஏப்ரல் 18 அன்று, மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு நாளில், அரியலூர் மாவட்டம் பொன்பரப்பியில் தலித் மக்களின் வீடுகள் தாக்கப்பட்டதை இப்பகுதி மக்கள் மறந்துவிடவில்லை. அந்த நினைவோடு வளர்ந்த இளைஞருக்கு இருட்டில் அந்நிய ஊரின் தெருவில் தனியே ஓடுவது எளிய செயலன்று.

ஒரு கல்லூரி மாணவர் தமது ஓட்டப்பாதையை எனக்கு விளக்கினார். ஓர் ஊரின் கோயில் தெருவைத் தவிர்ப்பதற்காக இரண்டு கிலோமீட்டர் சுற்றிச் செல்வதாகவும், அதையும் பயிற்சிக் கணக்கில் சேர்த்துக்கொள்வதாகவும் சிரித்தபடியே கூறினார். அவரை யாரும் அடிக்கவில்லை. யாரும் திட்டவும் இல்லை. ஆகவே புகார் இல்லை, வழக்கும் இல்லை. அச்சத்தால் மாற்றிக்கொள்ளப்படும் பாதை எந்தக் குற்ற ஆவணத்திலும் பதிவாவதில்லை.

காலணியும் கூலியும்

1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலுடன் ஓடி மாரத்தானில் தங்கம் வென்றார். அதன் பின்னர் வெறுங்கால் ஓட்டம் உலகெங்கும் ஒரு வியப்பாகவும் விருப்பத் தேர்வாகவும் பேசப்படுகிறது. நம் மண்ணில் வெறுங்கால் என்பது கட்டளையாக இருந்தது. இன்றும் சில இடங்களில் இருக்கிறது. திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்திலுள்ள ராஜாவூரில், காலணி அணிந்து நடக்க விடாமல் தடுக்கப்பட்டிருந்த ஒரு தெருவில் தலித் மக்கள் ஏறத்தாழ 60 பேர் காலணியோடு நடந்தது 2023 டிசம்பரில்தான்.

தடையில்லாத இடத்தில் விலை தடுக்கிறது. நெடுந்தொலைவு ஓட்டத்துக்கு ஏற்ற காலணி 5,000 ரூபாய் எனக் கொள்வோம். 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கான நாள் கூலி 336 ரூபாய். ஒரு இணைக் காலணிக்கு 15 நாள் உழைப்பு. அந்தக் காலணியும் சில நூறு கிலோமீட்டர்களில் தேய்ந்துவிடும். நாற்று நட்டும் மூட்டை சுமந்தும் களைத்த உடலுக்குப் பயிற்சிக்கேற்ற உணவும் ஓய்வும் கிடைப்பது அரிது.

நூறாண்டுப் பழமையான உரிமை

பொதுச்சாலையில் அனைவரும் நடக்கலாம் என்பது புதிய கோரிக்கையன்று. 1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், எந்த ஊரிலும் எந்தப் பொதுச்சாலையிலும் தெருவிலும் எச்சாதியினரும் நடக்கத் தடையில்லை என்று அறிவித்தது. அது ஏற்கப்பட்டு அரசாணையாகவும் வெளிவந்தது. அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் அடங்கியிருந்த பெரம்பலூர், அரியலூர் பகுதிகளுக்கும் அது பொருந்தியது. அரசமைப்பின் 15(2) உறுப்பு சாலைகளைப் பயன்படுத்துவதில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்கிறது. 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழிக்கிறது.

இன்று நம் கையிலுள்ள கூர்மையான கருவி வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் 3(1)(இசட்.ஏ) பிரிவு, பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் சாலையையும் பாதையையும் பயன்படுத்துவதையும், பொது இடத்தில் காலணியோ புத்தாடையோ அணிவதையும், மிதிவண்டியோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதையும் அச்சமூகங்களைச் சாராத ஒருவர் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறையும் அபராதமும். ஓடுவதும் சாலையைப் பயன்படுத்துவதே. எனவே ஓடுகிறவரைச் சாதியின் பெயரால் வழிமறிப்பது இப்பிரிவின்கீழ் வரும். 18-அ பிரிவின்படி முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய முன்விசாரணை தேவையில்லை. கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியர் மீது 4ஆம் பிரிவு பாயும்.

ஓடினாலும் பெயரில்லை

தென்னாப்பிரிக்காவில் 1921 முதல் நடைபெறும் காம்ரேட்ஸ் ஓட்டம், டர்பனுக்கும் பீட்டர்மாரிட்சுபர்க்குக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர்; அதாவது பெரம்பலூர் – அரியலூர் தொலைவைப் போல் மூன்று மடங்கு. வெள்ளை ஆண்களுக்கு மட்டுமே உரியதாயிருந்த அதில், 1935இல் ராபர்ட் முட்ஷாலி என்னும் கறுப்பினத்தவர் ஓடி, ஒன்பதரை மணி நேரத்தில் நிறைவு செய்தார். அவருடைய ஓட்டம் அதிகாரப்பூர்வமாக ஏற்கப்படவில்லை. எல்லா இனத்தவரும் பெண்களும் முறையாகப் பங்கேற்க 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2019இல்தான் அவர் பெயரில் ஒரு பதக்கம் நிறுவப்பட்டது. சாலையில் ஓடும் உரிமையும், ஓடியவராகப் பதிவு பெறும் உரிமையும் தனித்தனியே போராடிப் பெற வேண்டியவை என்பதை அவ்வரலாறு காட்டுகிறது.

நாம் கேட்க வேண்டியவை

2023 நவம்பரில் தொடங்கப்பட்ட 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை முன்வைத்தது. அப்பாதை எந்தக் குடியிருப்புகளின் அருகே செல்கிறது, எவற்றை விட்டுவிடுகிறது என்று ஒவ்வொரு மாவட்டத்திலும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். மாவட்ட நிர்வாகம் நடத்தும் ஓட்டங்கள் ஒரு முறையேனும் ஆதிதிராவிடர் குடியிருப்பிலிருந்து தொடங்கி ஊர்த்தெரு வழியே செல்லட்டும். ஆதிதிராவிடர் நல விடுதி மாணவர்களுக்கு ஓட்டக் காலணியும், போட்டிகளில் கட்டண விலக்கும் வழங்கப்படட்டும். அரியலூரின் சிமெண்ட் ஆலைகளுக்கும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கும் செல்லும் லாரிகளுக்கு விடியற்காலையில் நேரக் கட்டுப்பாடும், சாலையோரத்தில் விளக்கும் நடைபாதையும் வேண்டும். இவை இல்லாதவரை நம் பெண்களுக்கு விடியல் ஓட்டம் எட்டாக்கனியே.

மாணவத் தோழர்கள் தனித்தனியே ஓடாமல் குழுவாக ஓடுங்கள். தடுக்கப்பட்டால் நாள், நேரம், இடம், சாட்சி ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். புகாரை எழுத்தில் கொடுத்து அதற்கான ரசீதைக் கேட்டுப் பெறுங்கள். சுற்றுப்பாதையில் ஓடும் அந்த மாணவர் என்றேனும் ஒரு நாள் மாரத்தானை நிறைவு செய்வார். அந்த இரண்டு கிலோமீட்டர் சுற்றல் அவருடைய பயிற்சிக் கணக்கிலிருந்து நீங்கும் நாளே, 1924இன் அரசாணை அந்த ஊருக்கு வந்து சேர்ந்த நாள்.