பல கணினிகள், ஓர் அச்சுப்பொறி

நுழையும்முன்

பழைய கணினிகளும் புதிய கணினிகளும் அருகருகே இயங்கும் ஆய்வகங்களும் அலுவலகங்களும் நம்மிடையே பல உள்ளன. அவை ஓர் அச்சுப்பொறியைப் பாதுகாப்பாகப் பகிர்ந்துகொள்ளும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

பொதுமொழியின் தேவை

காரைக்கால் மாவட்டத்தின் தென்னெல்லையிலுள்ள கீழவாஞ்சூரைக் கடந்தால் தமிழ்நாட்டின் நாகூர் வந்துவிடும். ஆட்சி எல்லை மாறினாலும் மொழி மாறுவதில்லை. ஆதலால் இருபுறத்து மக்களும் தடையின்றிப் பழகுகின்றனர். கணினிகளின் நிலை வேறு. ஒரே அறையில் இணைந்திருந்தாலும், இயங்குதளம் வேறுபட்டால் ஒன்றன் ஏவலை மற்றொன்று அறியாது. அவற்றுக்கிடையே வகுக்கப்படும் பொதுமொழியே நெறிமுறை எனப்படும்.

கலப்பு வலையமைப்பு

தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் பாஸ் என்னும் லினக்ஸ் இயங்குதளமும் நிறுவி வழங்கப்பட்டது. இவ்வாறு வெவ்வேறு இயங்குதளங்கள் இணைந்து செயற்படுவதே கலப்பு வலையமைப்பு.

விண்டோஸ் கணினிகள் கோப்புகளையும் அச்சுப்பொறிகளையும் பகிர எஸ்.எம்.பி. என்னும் நெறிமுறையைக் கையாள்கின்றன. பிற இயங்குதளங்களும் இம்மொழியில் உரையாட வழிசெய்தவர் ஆண்ட்ரூ டிரிட்ஜெல். ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வு மாணவராக இருந்த அவர் உருவாக்கிய மென்பொருளே 'சாம்பா'. எஸ், எம், பி என்னும் ஆங்கில எழுத்துகள் முறையே இடம்பெறும் சொல்லைத் தேடி அவர் இப்பெயரைத் தேர்ந்தார். லினக்ஸில் அச்சுப்பணிகளை வரிசைப்படுத்தி அனுப்பும் 'கப்ஸ்' மென்பொருள் 1999இல் வெளிவந்தது. அது ஐ.பி.பி. என்னும் இணைய அச்சு நெறிமுறையைப் பின்பற்றுகிறது.

தமிழ் சிதையாமை

ஒருங்குறி பரவுவதற்கு முன் தட்டச்சிடப்பட்ட தமிழ் ஆவணங்கள் பல, பழைய கணினிகளில் உள்ளன. அக்கோப்பைப் புதிய கணினியில் திறக்கும்பொழுது, உரிய எழுத்துரு இல்லையெனில் பொருளற்ற குறிகளே தோன்றும். பழைய கணினியிலிருந்தே வலையமைப்பின் வழியாக அச்சிட்டால் இவ்விடர் எழாது. அக்கணினியிலுள்ள இயக்கி மென்பொருள், எழுத்துகளின் வடிவத்தையே அச்சுப்பொறிக்குரிய ஆணைகளாக மாற்றி அனுப்பிவிடுகிறது. பழைய கணினியைப் பேணுவதன் பயன்களுள் இதுவும் ஒன்று.

பாதுகாப்பு

எஸ்.எம்.பி. நெறிமுறையின் முதற்பதிப்பிலிருந்த குறையைப் பயன்படுத்தி, 2017 மே மாதம் 'வான்னாகிரை' என்னும் பணயத் தீநிரல் 150க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவியது. பின்னர் வந்த விண்டோஸ் பதிப்புகளில் அம்முதற்பதிப்பு இயல்பாக இடம்பெறுவதில்லை. விண்டோஸ் எக்ஸ்பியோ முதற்பதிப்பை மட்டுமே அறியும். எனவே, நேற்றுவரை அச்சிட்ட பழைய கணினி, புதிய கணினி வந்ததும் அச்சுப்பொறியைக் காணாது தவிக்கிறது.

இதற்காக, கைவிடப்பட்ட முதற்பதிப்பைப் புதிய கணினிகளில் மீண்டும் இயக்குதல் தகாது. அச்சுப்பொறியை ஒரு லினக்ஸ் கணினியுடன் இணைத்து, கப்ஸ் வழியாகப் பகிர்தல் வேண்டும். எக்ஸ்பியும் ஐ.பி.பி.யை அறியுமாதலால், பழைய கணினியும் அவ்வழியே அச்சிடலாம். எக்ஸ்பிக்கான பாதுகாப்பு ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிவுற்றதால், அத்தகைய கணினியை இணையத்திலிருந்து விலக்கி வைத்தல் இன்றியமையாதது.

இவ்வாறு பொதுமொழியைத் தேர்ந்து அமைத்தால், பழைய கணினியும் பயன்தரும். புதிய கணினிக்கும் தீங்கு நேராது.

கற்பவை கற்றபின்…

உங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்திலுள்ள கணினிகளின் இயங்குதளங்களைப் பட்டியலிட்டு, அவை அச்சுப்பொறியுடன் இணைக்கப்பட்டுள்ள முறையைப் படமாக வரைக.