மாத்திரை லிஸ்ட்டுக்கு நோட்பேடே போதும்!

ராத்திரி இரண்டு மணி. அப்பாவுக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்கிறார்: "என்னென்ன மாத்திரை சாப்பிடறார்? எந்த மருந்தாவது ஒத்துக்காதா?" நீங்கள் என்ன சொல்வீர்கள்? "சின்னதா, வெள்ளையா ஒரு மாத்திரை டாக்டர்" என்றா?

வீட்டில்தான் கம்ப்யூட்டர் இருக்கிறதே, அதில் எழுதி வையுங்களேன்! பெரிய சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம். 1985-லிருந்தே விண்டோஸோடு வருகிற நோட்பேட் போதும். அதில் எழுதியதை எந்தக் கம்ப்யூட்டரிலும், செல்போனிலும் திறக்கலாம்.

'பி.பி. மாத்திரை' என்று மொட்டையாக எழுதாதீர்கள். அட்டையைப் பார்த்து முழுப் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எல்லாம் வேண்டும். ஒத்துக்கொள்ளாத மருந்தை முதல் வரியிலேயே போடுங்கள். டாக்டர் டோஸை மாற்றினால் அன்றைக்கே திருத்துங்கள். எஃப்5 பட்டனைத் தட்டினால் தேதியும் நேரமும் தானாக விழும்.

தமிழிலும் எழுதலாம். பழைய விண்டோஸாக இருந்தால், சேமிக்கும்போது 'யுடிஎஃப்-8' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் தமிழெல்லாம் கேள்விக்குறியாகிவிடும்! 2019-க்குப் பின் வந்த விண்டோஸில் அந்தத் தொல்லை இல்லை.

அப்படியே ஒரு பிரிண்ட் எடுத்து அப்பாவின் பர்ஸில் வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு கரண்ட் இருக்குமோ, என்னவோ!