பெட்டியைத் திறக்கும் அந்நியக் கை

தூர தேசம் செல்பவருக்குப் பெட்டி அடுக்குவது நம் இல்லங்களில் ஒரு சிறு வைபவமாகும். தாயார் பனங்கட்டியைத் தாளிற் சுற்றி வைப்பார். மாமியார் மிளகாய்த்தூளை இரண்டு பைகளிலிட்டு இறுகக் கட்டுவார். மூடி பொருந்தாவிடின் பிள்ளைகளுள் ஒருவரைப் பெட்டியின் மேல் அமர்த்தியேனும் பூட்டிவிடுவார்கள். இத்துணை பக்குவமாக அடுக்கப்பட்ட பெட்டி, இலண்டனிலோ ரொறன்ரோவிலோ திறக்கப்படும்போது, சேலைகள் கலைந்தும் பைகள் அவிழ்ந்தும் கிடந்தால் யாருக்குத்தான் மனம் கொதியாது? "எம்மைக் கள்ளரென்று எண்ணினார்களா?" என்று கேட்போர் பலர்.

கேள்வி நியாயமானதே. எனினும், விமானத்தின் அடியறையில் ஏற்றப்படும் பெட்டிகளைச் சோதிக்கும் வழக்கம் எவ்வாறு வந்ததென்பதை அறிந்தால், அக்கோபம் ஓரளவு தணியுமென நாம் நம்புகின்றோம். அச்சோதனையின் விதிகள் பலவும் மனித உயிர்களை விலையாகக் கொடுத்தே எழுதப்பட்டன.

தாயின் பெட்டியில் மகன் வைத்தது

1955ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் திகதி மாலை, அமெரிக்காவின் டென்வர் நகரிலிருந்து ஒரு விமானம் புறப்பட்டது. பதினொரு நிமிடங்களுள் அது வானிலேயே வெடித்துச் சிதற, அதிலிருந்த 44 பேரும் மாண்டனர். அவர்களுள் ஒருவர் டெய்சி கிங் என்னும் மூதாட்டி. அலாஸ்காவிலுள்ள மகளைக் காணச் சென்றுகொண்டிருந்த அவரது பெட்டியில், அவரறியாமல் டைனமைற்று வெடியை வைத்தவன் அவர் பெற்ற மகனே. ஜாக் கில்பர்ட் கிரஹாம் என்னும் அப்பாதகன், விமான நிலையத்திலிருந்த ஒரு யந்திரத்திற் காசைப் போட்டுத் தாயின் பேரில் 37,500 டொலருக்குக் காப்புறுதிப் பத்திரமும் பெற்றிருந்தான். தாய் கையொப்பமிடாமையால் அப்பத்திரம் செல்லாக் காசாயிற்று.

விமானத்தைக் குண்டு வைத்துத் தகர்ப்பதற்கெனத் தனிச் சட்டம் அக்காலத்தில் அமெரிக்க மத்திய அரசிடம் இருக்கவில்லை. ஆகவே தாயைக் கொன்ற குற்றத்திற்காகவே அவன் விசாரிக்கப்பட்டு, 1957 ஜனவரியில் மரண தண்டனை பெற்றான். சட்டம் 1956இல் இயற்றப்பட்டது. ஆனால் எல்லாப் பெட்டிகளையும் சோதிக்கும் வழக்கம் அப்போதும் வரவில்லை.

ஆள் வரவில்லை, பெட்டி வந்தது

1984 ஆகஸ்ட் 2ஆம் திகதி இரவு, சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் நிகழ்ந்ததை நம் நாட்டவர் எளிதில் மறக்கமாட்டார்கள். கொழும்பு விமானத்திற்கெனப் பதியப்பட்ட பெட்டிகளிலிருந்த குண்டு, நிலையத்திலேயே வெடித்தது. சுமார் 30 பேர் உயிரிழந்தனர். அவர்களுட் பலர் இலங்கையர். பெட்டிகளை ஒப்படைத்தவர் விமானத்தில் ஏறவேயில்லை.

மறு ஆண்டு இதே சூழ்ச்சி இன்னும் பெரிய கொடுமையை விளைத்தது. கனடாவின் வான்கூவர் நகரில் ஒருவன், தன் பெட்டியை இந்தியாவரை நேரே அனுப்ப வேண்டுமென்று அடம் பிடித்தான். ரொறன்ரோவிலிருந்து அப்பாற் செல்ல அவனுக்கு ஆசனம் உறுதியாகியிருக்கவில்லை. முதலில் மறுத்த ஊழியர் ஈற்றில் இணங்கினார். பெட்டி சென்றது, அவன் செல்லவில்லை. ரொறன்ரோவிற் பெட்டிகளைப் பார்க்கும் எக்ஸ்-கதிர் யந்திரமும் அன்று இடையிற் பழுதடைந்தது. எஞ்சிய பெட்டிகளைக் கையிற் பிடிக்கும் ஒரு சிறு கருவியாற் சோதித்து ஏற்றினர். 1985 ஜூன் 23ஆம் திகதி, அயர்லாந்துக் கரைக்கு அப்பால் அந்த ஏர் இந்தியா விமானம் கடலில் வீழ்ந்தது. 329 பேரும் மாண்டனர். குடும்பம் குடும்பமாக அழிந்தோர் அதிற் பலர். அதே தினத்தில் ஜப்பானின் நரிட்டா விமான நிலையத்தில் வேறொரு பெட்டி வெடித்து, பொதி சுமக்கும் ஊழியர் இருவரைக் கொன்றது.

1988 டிசம்பர் 21ஆம் திகதி, ஸ்கொத்லாந்தின் லொக்கர்பி என்னும் சிற்றூரின் மேல் பான் ஆம் விமானம் வெடித்தது. விமானத்தில் 259 பேரும் தரையில் 11 பேரும் இறந்தனர். ஒரு பெட்டியினுள்ளே, ஓர் ஒலிநாடா வானொலிக்குள், அரைக் கிலோவிற்கும் குறைந்த வெடிமருந்து மறைக்கப்பட்டிருந்தது. இப்பெட்டிக்கும் உடையவர் எவரும் விமானத்தில் இருக்கவில்லை.

நாம் வாசலில் ஆயத்தமாயிருக்க, "ஒருவர் வரவில்லை; அவரது பெட்டியை இறக்குகின்றோம்" என்று அறிவித்து விமானத்தைத் தாமதிப்பதுண்டு. சலிப்புறுவோர் இப்பெயர்களை ஒரு கணம் நினைத்துக்கொள்வாராக.

யந்திரம் காண்பதும் காணாததும்

2001 செப்டெம்பர் 11ஆம் திகதிக்குப் பின்னர், அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றி, 2002ஆம் ஆண்டின் இறுதிக்குள் பதியப்படும் பெட்டிகள் யாவும் சோதிக்கப்படல் வேண்டுமென விதித்தது. இதற்குப் பயன்படும் பெரிய யந்திரங்கள், வைத்தியசாலையில் மூளையைப் படம் பிடிக்கும் சீ.ரீ. யந்திரத்தின் உடன்பிறப்புகளே. ஹவுன்ஸ்ஃபீல்ட் என்னும் ஆங்கில அறிஞரின் அக்கண்டுபிடிப்பு 1979இல் நோபல் பரிசு பெற்றது. பெட்டியைத் துண்டு துண்டாகப் படமெடுத்து, உள்ளிருக்கும் ஒவ்வொரு பொருளின் அடர்த்தியையும் கணக்கிடுவது அதன் தொழில்.

அடர்த்தி வெடிமருந்தினதைப் போன்றிருந்தால் யந்திரம் எச்சரிக்கும். பின்னர் ஓர் உத்தியோகத்தர் படத்தை நோக்குவார். ஐயம் தீராவிடிற் பெட்டி திறக்கப்படும். சிறு துணித்துண்டால் உட்புறத்தைத் துடைத்து, அதில் வெடிமருந்தின் துகள் உண்டோவெனப் பரிசோதிப்பர். இறுகிய இனிப்புப் பண்டமும் தூள் பொதியும் யந்திரத்தை மயக்கக்கூடும். தாயார் சுற்றி வைத்த பனங்கட்டி, கெட்ட எண்ணம் ஏதுமின்றியே ஓர் உத்தியோகத்தரை அழைத்துவிடுகின்றது!

பூட்டும் நம்பிக்கையும்

இனிப் பிரயாணியின் பக்கத்து நியாயத்தையும் கூறவேண்டும். சில நாடுகளில் உடையவரை அழைத்து, அவர் கண்ணெதிரே பெட்டியைத் திறப்பர். அமெரிக்காவிலோ உடையவர் இல்லாத இடத்திலேயே திறந்து, உள்ளே ஓர் அறிவித்தற் சீட்டை வைத்துச் செல்வர். பூட்டை உடைக்காதிருக்க, உத்தியோகத்தரிடமுள்ள பொதுச் சாவியால் திறக்கக்கூடிய பூட்டுகள் விற்கப்படுகின்றன. ஆனால் அச்சாவிகளின் படம் 2014இல் ஒரு பத்திரிகையில் வெளிவந்துவிட்டது. அதைப் பார்த்தே 2015இல் சிலர் சாவி செய்து காட்டினர். சோதிக்க அமர்த்தப்பட்டவர்களே திருடித் தண்டனை பெற்ற வழக்குகளும் அந்நாட்டில் உண்டு.

எனவே சோதனை வேண்டாமென்று நாம் கூறோம். கணக்கற்ற சோதனை வேண்டாமென்றே கூறுகின்றோம். இயலுமிடத்து உடையவர் முன்னிலையிலேயே திறத்தல் வேண்டும். இயலாவிடின் எவர், எப்போது திறந்தாரென்ற பதிவும், அதைக் காணும் புகைப்படக் கருவியும் இருத்தல் வேண்டும். பிறர் பெட்டியில் கைவைக்கும் அதிகாரம் பெற்றவர், அதற்கு விடை கூறும் கடமையையும் பெற்றவராவார்.

நமது பங்கு

நகை, பணம், பத்திரங்கள், அன்றாட மருந்து ஆகியவற்றைக் கைப்பையிலேயே கொண்டுசெல்க. கைத்தொலைபேசிக்கு மின்னூட்டும் பற்றறிகள் தீப்பற்றக்கூடியவையாதலின், அவற்றைப் பதியும் பெட்டியில் வைத்தலாகாது. உணவுப் பொதிகளை உறையிட்டு மேற்பக்கத்தில் வைத்தால், சோதிப்பவர் சேலைகளைக் கலைக்க நேராது. சென்றடைந்ததும் நிலையத்தை விட்டு நீங்குமுன் பெட்டியைப் பார்த்து, குறையிருப்பின் அங்கேயே எழுத்தில் முறையிடுக.

யாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. "உங்கள் பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா?" என்று உத்தியோகத்தர் வினவும்போது அதை வெறுஞ் சடங்கென எண்ணற்க. 1986இல் இலண்டன் விமான நிலையத்தில், கருவுற்றிருந்த ஒரு பெண்ணின் பையின் இரகசிய அடித்தட்டில் வெடிமருந்து கண்டெடுக்கப்பட்டது. மணம் புரிவதாகக் கூறியவன் கொடுத்தனுப்பிய பை அது. அவளோ ஒன்றும் அறியாள். அன்று சோதித்தவர்கள் அவளையும், அவள் வயிற்றிலிருந்த சிசுவையும், உடன் செல்லவிருந்த நூற்றுக்கணக்கானோரையும் காத்தனர். ஆகவே, அயலார் தரும் பொதியாயினும் உறவினர் தரும் பொதியாயினும், அவர் முன்னிலையிலேயே பிரித்துப் பார்த்த பின்னரே பெட்டியில் வைத்தல் நன்று. அதனால் எவரும் மனம் நோக வேண்டியதில்லை.