துப்பறியும் தொடர்களும் இரசிகரின் சினமும்

“கதைதானே, அதற்குப் போய் இவ்வளவு கோபமா?” என்று பெரியவர்கள் நம்மைக் கேட்பதுண்டு. கற்பனையில் பிறந்த ஒருவன் கற்பனையிலேயே சாகிறான். அதனால் உண்மையான மனிதர் ஒருவருக்கு இரவு உறக்கம் கெடுகிறது. எண்ணிப் பார்த்தால் இது விந்தைதான். ஆயினும் இந்த விந்தைக்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. மேலை நாட்டுத் தொலைக்காட்சிகளில் வந்த குற்றத் தொடர்களின் கதைப் போக்கையும் பாத்திரப் படைப்பையும் இரசிகர்கள் எவ்வாறு ஏற்றனர், எவ்வாறு எதிர்த்தனர் என்பதை எனக்குத் தெரிந்த அளவில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதை எழுதத் தூண்டியது நூலகத்தில் படித்த நூல் அன்று. எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்த ஓர் உரையாடல். அதை இறுதியில் கூறுகிறேன்.

தொலைக்காட்சிக்கு முன்பே

இந்தச் சினம் தொலைக்காட்சியோடு பிறந்ததன்று. 1893-ஆம் ஆண்டு டிசம்பரில் ‘ஸ்ட்ராண்ட்’ என்னும் இலண்டன் இதழில், ஆர்தர் கோனன் டாயில் தம் துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்சை சுவிட்சர்லாந்தின் ரைக்கன்பாக் அருவியில் விழுந்து மாண்டதாக எழுதினார். வாசகர்கள் வெகுண்டனர், ஆசிரியரை ஏசிக் கடிதங்கள் எழுதினர். பத்தாண்டுகள் கழித்து, 1903-இல், ‘ஹோம்ஸ் அருவியில் விழவே இல்லை’ என்று டாயில் கதையை மாற்றி அவரை உயிரோடு கொண்டுவந்தார். பெற்றவன் கொன்ற பிள்ளையை ஊரார் கேட்டு மீட்டார்கள் என்றே சொல்லலாம்.

இதே காட்சியை பி.பி.சி. நிறுவனம் தன் ‘ஷெர்லாக்’ தொடரில் புதுக்கியது. 2012 சனவரியில் ஹோம்ஸ் மருத்துவமனை மாடியிலிருந்து குதித்தார். அவர் எப்படிப் பிழைத்தார் என்பதை அறிய இரசிகர்கள் 2014 சனவரி முதல் நாள் வரை காத்திருந்தனர்.

முடிச்சும் அவிழ்ப்பும்

குற்றக் கதை என்பது ஒருவகை ஒப்பந்தம். ‘ஒரு கொலையைக் காட்டுகிறேன், பொறுமையாக இரு, கொன்றவன் யார் என்று சொல்கிறேன்’ என்று ஆசிரியர் வாக்குக் கொடுக்கிறார். அந்த வாக்கை நம்பித்தான் நாம் நம் நேரத்தைக் கொடுக்கிறோம்.

வாக்கு ஒழுங்காகக் காப்பாற்றப்பட்டால் காத்திருப்பே இன்பமாகும். அமெரிக்காவின் ‘டாலஸ்’ உண்மையில் குடும்பத் தொடர். ஆனால் 1980 மார்ச்சு 21 அன்று அதன் வில்லன் ஜே.ஆர். சுடப்பட்டதும், சுட்டது யார் என்ற கேள்வி நாடெங்கும் பரவியது. இடையில் அதிபர் தேர்தலே நடந்து முடிந்தது. விடை நவம்பர் 21 அன்று ஒளிபரப்பானபோது ஏறத்தாழ 8 கோடி அமெரிக்கர் பார்த்தனர்.

வாக்குத் தவறினாலோ நிலைமை வேறு. ‘தி கில்லிங்’ தொடரின் அமெரிக்க வடிவம் 2011-இல் வந்தது. ஓர் இளம்பெண்ணைக் கொன்றது யார் என்று வாரந்தோறும் பின்தொடர்ந்தவர்களுக்கு முதற்பருவத்தின் கடைசியிலும் விடை கிடைக்கவில்லை. விமரிசகர்களும் இரசிகர்களும் ஏமாற்றப்பட்டதாகவே கொதித்தனர். ‘ட்வின் பீக்ஸ்’ தொடருக்கு நேர்ந்ததோ இதற்கு நேர்மாறு. 1990 ஏப்ரலில் தொடங்கிய மர்மம் அவ்வாண்டு நவம்பரில் வெளிப்பட்டது; அதன்பின் ஆர்வம் சரிந்து, 1991 சூனில் தொடர் நின்றது. விடை சொல்லாவிட்டால் சினம், சொல்லிவிட்டால் சலிப்பு. கதாசிரியர் நிலை இருதலைக் கொள்ளி எறும்பின் நிலையே.

‘தி சொப்ரானோஸ்’ தொடரின் முடிவையும் இங்கே குறிப்பிட வேண்டும். குற்றக் கும்பலின் தலைவன் ஒருவன் தன் குடும்பத்தோடு உணவகத்தில் அமர்ந்திருக்கிறான். கதவு திறக்கிறது; அவன் நிமிர்ந்து பார்க்கிறான்; திடீரென்று திரை இருண்டுவிடுகிறது. 2007 சூன் 10 அன்று அதைக் கண்ட பலர், தங்கள் வீட்டுக் கேபிள் இணைப்புத்தான் அறுந்துவிட்டது என்று நினைத்தனராம்! அவன் செத்தானா, பிழைத்தானா என்ற வாதம் பல ஆண்டுகள் ஓயவில்லை.

சினம் எப்போதும் அழிப்பதில்லை. சிலபோது காக்கவும் செய்யும். நியூயார்க்கின் இரு பெண் காவல் அதிகாரிகளைப் பற்றிய ‘காக்னி அண்டு லேசி’ தொடரை 1983-இல் நிறுத்தினார்கள். பார்வையாளர் கடிதங்களாக எழுதிக் குவித்தனர். 1984 மார்ச்சில் தொடர் மீண்டும் வந்தது. 1988 வரை நடந்தது. அவ்விரு வேடங்களிலும் நடித்தவர்கள் 1983 முதல் ஆறு ஆண்டுகள் சிறந்த நடிகைக்கான எம்மி விருதைத் தம்முள் மாறிமாறிப் பெற்றனர்.

ஸ்கைலர் என்னும் பெண்

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் வெகுளியையும் ஒன்றாக வைத்தார். அது பிறக்கும் நான்கு களங்களுள் கொலையும் ஒன்று என்றார். ஆகவே கொலையைக் கண்டு வெகுளுதல் இயல்பே. ஆனால் கொலைகாரனை விட்டுவிட்டு, அவனைக் கேள்வி கேட்டவள்மீது வெகுண்டால் அதை என்னென்பது?

2008 முதல் 2013 வரை 62 பகுதிகளாக வந்த ‘பிரேக்கிங் பேட்’ தொடரில் அதுதான் நடந்தது. வால்ட்டர் ஒயிட் ஒரு பள்ளி வேதியியல் ஆசிரியர். நுரையீரல் புற்றுநோய் என்று அறிந்தபின், குடும்பத்துக்குப் பணம் சேர்க்கிறேன் என்று போதைப்பொருள் காய்ச்சத் தொடங்குகிறார். பொய் சொல்கிறார், கொல்கிறார், ஒரு சிறுவனுக்கு நஞ்சூட்டவும் துணிகிறார். அவர் மனைவி ஸ்கைலர் செய்த குற்றம், தொடக்கத்தில், கேள்வி கேட்டது ஒன்றுதான். ஆயினும் இரசிகர் பலர் வால்ட்டரை வாழ்த்தி, ஸ்கைலரை வெறுத்தனர். வெறுப்பு அவ்வேடத்தில் நடித்த அன்னா கன் என்னும் நடிகைமீதே பாய்ந்தது. தம்மைக் கொல்ல வேண்டும் என்று எழுதும் அளவுக்கு அது முற்றியதை, 2013 ஆகஸ்டில் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் அவரே வருத்தத்தோடு எழுதினார். அதே ஆண்டு அந்த வேடத்துக்காக எம்மி விருதும் பெற்றார்.

இதற்குக் காரணம் என்ன? கதையை யார் கண்ணால் பார்க்கிறோமோ அவர் பக்கமே நாம் சாய்கிறோம். வால்ட்டரின் அச்சம் நமக்குத் தெரியும். அவர் தந்திரம் பலித்தால் நாமும் வென்றதாக மகிழ்கிறோம். அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே நிற்பவர் நியாயமானவராயினும் தடைக்கல்லாகவே தோன்றுவார். பாத்திரத்தோடு ஆண்டுக்கணக்காகப் பழகிய பழக்கம் இந்தச் சாய்வை உறுதியாக்குகிறது.

திண்ணையில் கேட்ட கேள்வி

இத்தொடரை விடுதி நண்பர்களோடு பார்த்தேன். ஸ்கைலர் வாயைத் திறந்தாலே நாங்கள் கூச்சலிடுவோம். கோடை விடுமுறையில் ஊருக்குப் போனபோது, இரவிக்கைக்கு ஊக்கு வைத்துத் தைத்துக்கொண்டிருந்த என் அக்காவிடம் அக்கதையைச் சொன்னேன். “அந்தப் பொம்பளை நச்சரிப்பு தாங்க முடியலக்கா” என்றேன்.

அக்கா ஊசியை நிறுத்தாமலே கேட்டாள்: “அவ என்னடா தப்பாக் கேட்டா? ராத்திரி எங்க போற, பணம் ஏதுன்னுதானே கேட்டா?”

எனக்கு விடை வரவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, அத்தான் யாருக்கும் தெரியாமல் கடன் வாங்கி, அக்காவின் நகைகளையும் அடகு வைத்திருந்தார். அக்கா சந்தேகப்பட்டுக் கேட்டபோதெல்லாம் வீட்டிலிருந்த நாங்கள், “மனுஷன வீட்டுக்குள்ள நிம்மதியா இருக்க விடு” என்று அவளையே கடிந்தோம். நானும் கடிந்தேன். அத்தான் எனக்குப் பிடித்தவர். படம் பார்க்க அழைத்துப் போவார். அவர் கண்ணால்தான் நான் அந்த வீட்டைப் பார்த்திருக்கிறேன். உண்மை வெளிப்பட்ட பிறகும் அக்காவிடம் ஒருவரும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

அன்றிரவு நான் தெரிவித்தேன். “சரி, அந்தக் கத்திரிக்கோலை எடு” என்றாள். அவ்வளவுதான்.

ஆகவே நண்பர்களே, கதைமேல் கோபம் கொள்வது தவறன்று. வாக்குத் தவறிய கதாசிரியரைக் கேட்பதும், நல்ல தொடரைக் காக்கக் கடிதம் எழுதுவதும் சுவைஞர் உரிமையே. ஆனால் ஒரு பாத்திரத்தை வெறுக்கும்போது, அவர் இடத்திலிருந்து அக்கதையை ஒருமுறை சொல்லிப் பார்ப்போம். இப்போது அத்தொடரை மீண்டும் பார்த்து வருகிறேன். விடுதியில் கூச்சல் இன்னும் எழுகிறது. என் குரல் மட்டும் அதில் இல்லை.